வெளிநாட்டு மாணவராகப் போனவர் அங்கே பல்கலைக்கழகத் தலைவர் ஆக முடியுமா? சாங்-லின் டியென் போன பாதை

கேள்வி இதுதான்: "அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போகிறவர்களில் சிலர் பிற்பாடு அங்கேயே பல்கலைக்கழகத் தலைவராகிவிடுகிறார்களே, எப்படி? ஆராய்ச்சியில் பெரிய ஆளாக இருந்தால் பதவி தானாக வந்துவிடுமா? வெளிநாட்டுக்காரர் என்பது குறுக்கே நிற்காதா?"

முதல் பாதிக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். தானாக வராது. நல்ல ஆராய்ச்சி இருந்தால்தான் வாசலுக்குள்ளேயே விடுவார்கள், ஆனால் உள்ளே போனபின் ஏறுகிற படிகள் முற்றிலும் வேறு. நாற்பது வயதுவாக்கில் யாருக்கும் பிடிக்காத நிர்வாக வேலை ஒன்றை ஒருவர் தலையில் போட்டுக்கொள்கிறார். அங்கிருந்து அவருக்கு இரண்டாவது தொழில் ஒன்று ஆரம்பமாகிறது. கேள்வியின் இரண்டாம் பாதிதான் சிக்கலானது. வெளிநாட்டில் பிறந்தவர் என்பது ஒரு நாள் அவருக்குப் பலமாக இருக்கும், இன்னொரு நாள் அதே விஷயம் அவர்மேல் சந்தேகமாகத் திரும்பும். பொதுவாகப் பேசினால் இது புரியாது. அதனால் ஒரே ஒருவரின் கதையைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

சாங்-லின் டியென், 1990 முதல் 1997 வரை பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்சலர். நம் ஊரில் ஆளுநர் வகிக்கும் வேந்தர் பதவியை நினைத்துக்கொள்ளாதீர்கள். கலிபோர்னியாவில் ஒவ்வொரு வளாகத்தையும் நடத்துகிற முழுப் பொறுப்பும் சான்சலருடையது. அமெரிக்காவின் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் ஆசிய அமெரிக்கர் என்று அவரைத்தான் சொல்வார்கள். "பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்" என்ற அடைமொழிக்குக் காரணம் உண்டு. 1968-இல் மாணவர் வேலைநிறுத்தம் கொழுந்துவிட்டு எரிந்த நேரத்தில் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரிக்குத் தலைவராக வந்த ஹயகாவா, கனடாவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். போராட்டக்காரர்களின் வண்டிமேல் ஏறி ஒலிபெருக்கி வயரைப் பிடுங்கிப் போட்டே நாடு முழுக்கப் பிரபலமாகி, பிறகு செனட்டர் ஆனார். அது தனிக் கதை.

டியென் 1935-இல் சீனாவின் வூகானில் பிறந்தார். ஜப்பானியப் படையெடுப்பில் குடும்பம் ஷாங்காய்க்கு ஓடியது, 1949-இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபோது அங்கிருந்து தைவானுக்கு ஓடியது. 1955-இல் தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் முடித்தார். அடுத்த ஆண்டு கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் பல்கலைக்கழகத்துக்கு உதவித்தொகையோடு போய்ச் சேர்ந்தார்.

1956-இல் லூயிவில் என்றால் நிறப் பாகுபாடு ஊரின் எல்லாக் காரியங்களிலும் இருந்த காலம். பேருந்தில் வெள்ளையர் முன்னால், கறுப்பர் பின்னால். தான் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று டியெனுக்குத் தெரியவில்லை. ஓட்டுநர் அருகிலேயே கூச்சத்தோடு நின்றுகொண்டு போனதையும், அதற்குப்பின் பேருந்தையே விட்டுவிட்டு நடந்து போனதையும் அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதைவிட என்னை அதிகம் உறுத்துவது ஆய்வகத்தில் நடந்தது. அங்கே ஒரு பேராசிரியர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், "சைனாமேன்" என்றுதான் கூப்பிடுவார். அது இழிசொல் என்பதுகூட டியெனுக்கு முதலில் தெரியாது. ஒரு நாள் ஏணியில் நின்று வால்வுகளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கால் தடுமாறியது. விழாமல் இருக்க எட்டிப் பிடித்தது கொதிக்கும் நீராவிக் குழாய். கை வெந்துபோனது. வாய் திறந்தால் கேலிதான் மிஞ்சும் என்று ஒரு சத்தமும் போடாமல், வகுப்பு முடியும்வரை பொறுத்திருந்து அதன்பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். "சைனாமேன்" என்பதன் பொருள் தெரிந்தபின் அந்தப் பேராசிரியரிடம் நேரே போய், இனி அப்படிக் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த ஆளும் நிறுத்திக்கொண்டார்.

இருபத்தொரு வயதுப் பையன், உதவித்தொகையை நம்பி வந்தவன், தன் பிழைப்பைக் கையில் வைத்திருக்கிறவரிடம் அப்படிச் சொன்னான். வெளிநாட்டில் ஆய்வு மாணவராக இருந்த யாரைக் கேட்டாலும் இது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்வார்கள். அப்போதெல்லாம் வழிகாட்டியின் ஒரு கடிதத்தில்தான் எதிர்காலமே தொங்கும். இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை.

1957-இல் லூயிவிலில் முதுகலை, 1959-இல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம், அதே ஆண்டு பெர்க்லியில் இயந்திரப் பொறியியல் துறையில் வேலை. 1962-இல், இருபத்தாறு வயதில், அந்தப் பல்கலைக்கழகத்தின் சிறந்த ஆசிரியர் விருதைப் பெற்றார். அதுவரை அவ்வளவு இளம் வயதில் யாரும் அதை வாங்கியதில்லை. அவருடைய துறை வெப்பப் பரிமாற்றம். விண்வெளி ஓடத்தின் வெப்பத் தடுப்பு ஓடுகள், அணு உலையில் விபத்து நேர்ந்தால் அவசரமாகக் குளிர்விப்பது, மிக நுண்ணிய அளவுகளில் வெப்பம் எப்படி நகர்கிறது என்பதெல்லாம் அவர் கைவைத்த விஷயங்கள். 1976-இல் அமெரிக்காவின் தேசியப் பொறியியல் அகாதமி அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது நாற்பது.

இதோடு நிறுத்தியிருந்தால் அவர் பெரிய விஞ்ஞானி, அவ்வளவுதான். பெர்க்லியில் அப்படிப்பட்டவர்கள் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். பாதை திரும்பிய இடம் 1974. அந்த ஆண்டு அவர் துறைத் தலைவர் ஆனார், 1981 வரை இருந்தார்.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவர் பதவி எப்படிப்பட்டது என்று இங்கே உள்ளவர்களுக்குச் சரியாகப் பிடிபடாது. அது அதிகாரம் கொழிக்கும் நாற்காலி கிடையாது. சக பேராசிரியர்கள் "இந்தத் தடவை நீ பார்த்துக்கொள்" என்று தள்ளிவிடுகிற சுமை. யார் எந்தப் பாடம் எடுப்பது, யாருக்கு ஆய்வகத்தில் எத்தனை அடி இடம், புதிதாக யாரை எடுப்பது, யாருக்கு நிரந்தர வேலை கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதுதான் தினப்படி வேலை. சம்பளத்தில் பெரிதாக ஏறாது, சொந்த ஆராய்ச்சி மெலியும், நண்பர்களில் சிலர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். மூன்று நான்கு வருடத்தில் பெரும்பாலானோர் தப்பித்து ஓடிவிடுவார்கள். டியென் ஏழு வருடம் இருந்தார். அடுத்து 1983 முதல் 1985 வரை ஆராய்ச்சிக்கான துணை சான்சலர். அதன்பிறகு திரும்ப வகுப்பறைக்கே வந்துவிட்டார். இதுவும் அங்கே வெகு சாதாரணம். நிர்வாகப் பதவி போனாலும் பேராசிரியர் வேலை கையில் இருக்கும்.

1988-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் இரண்டாம் இடத்துப் பதவிக்குப் போனார். இதைக் கவனிக்க வேண்டும். வேறு பல்கலைக்கழகங்களில் இதே இடத்தைப் புரோவோஸ்ட் என்பார்கள். கல்வி சம்பந்தப்பட்ட பணம், ஆள், திட்டம் எல்லாம் இவர் மேசையைத் தாண்டித்தான் போகும். தலைவரைத் தேடும் குழுக்கள் முதலில் பார்ப்பது இந்தப் பதவியில் இருப்பவர்களைத்தான். அமெரிக்காவில் தலைமைக்கு வந்த இந்தியர்களை எடுத்துப் பாருங்கள். பஃபலோவின் சதீஷ் திரிபாதி அதே பல்கலைக்கழகத்தில் புரோவோஸ்டாக இருந்து 2011-இல் தலைவரானவர். உத்தரப் பிரதேசத்தின் ஃபரூக்காபாதில் பிறந்து, கல்யாணமாகி அமெரிக்கா போய் அங்கே மேற்படிப்பு படித்த ரேணு கட்டோர், தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் புரோவோஸ்டாக இருந்துவிட்டு 2008-இல் ஹூஸ்டனுக்குத் தலைவராகப் போனார். இவர் அரசியல் அறிவியல்காரர். மற்றவர்கள் பெரும்பாலும் பொறியியல், அறிவியல் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

சரி, டியெனுக்கு வருவோம். 1990 ஜூலையில் பெர்க்லிக்குச் சான்சலராகத் திரும்பினார். வந்த மூன்றாம் மாதமே, செப்டம்பரில், மாணவர் விடுதி ஒன்று தீப்பிடித்து மூன்று பேர் இறந்தார்கள். அதே மாதக் கடைசியில் வளாகத்தை ஒட்டிய மதுக்கூடம் ஒன்றில் துப்பாக்கியோடு புகுந்தவன் மாணவர்களைப் பிணை பிடித்தான், ஒரு மாணவர் உயிரிழந்தார். மறு ஆண்டு அக்டோபரில் ஓக்லண்டு மலைப்பகுதியில் பரவிய தீயில் இருபத்தைந்து பேர் மாண்டார்கள், பெர்க்லி ஆசிரியர்கள், ஊழியர்கள் பலர் வீடிழந்தார்கள். 1992 ஆகஸ்டில் போராட்டக்காரப் பெண் ஒருவர் வெட்டுக்கத்தியோடு சான்சலரின் வீட்டுக்குள்ளேயே புகுந்து, காவலரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இதில் எதற்கும் வெப்பப் பரிமாற்றம் தெரிந்திருந்து பயனில்லை.

இதற்கு நடுவில் கலிபோர்னியாவின் பொருளாதாரம் படுத்தது. நான்கு ஆண்டுகளில் பெர்க்லிக்கு மாநில அரசு தரும் பணத்தில் சுமார் 7 கோடி டாலர் போனது. கட்டணத்தை ஏற்றினார்கள், மாணவர்கள் கொதித்தார்கள். அப்புறம் முழுப் பல்கலைக்கழக அமைப்பும் ஒரு கணக்கைப் போட்டது. ஓய்வூதிய நிதியில் தேவைக்கு மேல் பணம் இருந்தது. மூத்த பேராசிரியர்களைச் சலுகையோடு சீக்கிரம் ஓய்வுபெறச் சொன்னால், அவர்களுடைய சம்பளச் சுமை பட்ஜெட்டிலிருந்து இறங்கி ஓய்வூதிய நிதிமேல் ஏறிவிடும். காகிதத்தில் அருமையான யோசனைதான். ஆனால் பெர்க்லியில் பணியிலிருந்த ஆசிரியர்களில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டார்கள். அதில் உலகப் பெயர் பெற்றவர்களும் உண்டு. பெர்க்லியின் காலம் முடிந்தது என்று பேச ஆரம்பித்தார்கள்.

டியென் செய்தது இரண்டு காரியம். காலியான இடங்களில் இளம் ஆசிரியர்களைத் தேடித் தேடி எடுத்தார். ஓய்வுபெற்ற பெரியவர்களில் பலரைப் பகுதிநேரமாக வந்து பாடம் எடுக்க வைத்தார். 1995-இல் தேசிய ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க முனைவர் படிப்புகளை மதிப்பிட்டு வெளியிட்டபோது, பெர்க்லியின் 36 துறைகளில் 35 முதல் பத்து இடங்களுக்குள் இருந்தன. வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்த எண்ணிக்கை வரவில்லை. இம்மாதிரி மதிப்பீடுகளில் பழைய பெயருக்கும் ஒரு பங்கு உண்டு, முழுப் புகழையும் அவருக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் சரிவு நடக்கவில்லை என்பது உறுதி.

இன்னொன்று பணம் திரட்டியது. அரசுப் பல்கலைக்கழகம் நன்கொடை கேட்டுப் போவது அன்று இவ்வளவு சகஜமாகவில்லை. 1996-இல் 110 கோடி டாலர் இலக்கு வைத்து அவர் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். இங்கேதான் அவருடைய பிறப்பு பலமானது. ஹாங்காங், தைவான், சிங்கப்பூர், இந்தோனேசியா என்று பசிபிக்குக்கு அந்தப்புறம் இருந்த பழைய மாணவர்கள், வணிகக் குடும்பங்கள் எல்லாரிடமும் அவரால் உரிமையோடு போய் உட்கார்ந்து பேச முடிந்தது. சிங்கப்பூரின் புகழ்பெற்ற சீன வணிகரும் கல்வி வள்ளலுமான டான் கா கீயின் பெயரில் 1997-இல் வேதியியல் கட்டடம் ஒன்று பெர்க்லியில் எழுந்ததை அந்த உறவுகளின் விளைவாகவே பார்க்க வேண்டும்.

வளாகத்துக்குள் அவரைப் பற்றி மாணவர்கள் சொல்வது வேறு மாதிரி. நடந்து போகும்போது கீழே கிடக்கும் குப்பையைப் பொறுக்கிக்கொண்டே போவார். தேர்வுக் காலத்தில் இரவு நேரம் நூலகத்தில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பிஸ்கட்டோடு வந்து நிற்பார். எந்தக் கூட்டத்திலும், எந்தப் பேச்சின் முடிவிலும் சீன உச்சரிப்பு மாறாத ஆங்கிலத்தில் "கோ பேர்ஸ்!" என்று கத்துவார் (கரடி அவர்களுடைய விளையாட்டு அணியின் சின்னம்). அந்த உச்சரிப்பை அவர் மாற்றிக்கொள்ள முயலவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். வெளிநாட்டு உச்சரிப்போடு பேசுகிறவர் தலைவராக எடுபட மாட்டார் என்று அங்கே போகும் நம் பிள்ளைகளுக்கு யாராவது புத்தி சொல்லாமல் இருப்பதில்லை.

இனி 1995. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அந்த ஆண்டு ஜூலை 20-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு தீர்மானம் போட்டது. ஆளுநர் பீட் வில்சனும் குழு உறுப்பினர் வார்டு கானர்லியும் முன்னின்றார்கள். ஒன்பது வளாகச் சான்சலர்களும் எதிர்த்தும் தீர்மானம் நிறைவேறியது.

டியெனின் நிலை மற்ற எட்டுப் பேரைவிட இக்கட்டானது. சில வருடங்களுக்கு முன்புதான், 1980-களில், ஆசிய மாணவர்களைப் பெர்க்லி ஓரங்கட்டுகிறது என்று பெரிய புகார் எழுந்து, அவருக்கு முந்தைய சான்சலர் ஹேமன் 1989-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டிருந்தார். இனத்தைப் பார்க்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் ஆசிய மாணவர்களுக்கு இடம் கூடும் என்பதுதான் அன்று பரவலான கணக்கு. அதனால் சீனரான சான்சலர் தீர்மானத்துக்கு ஆதரவாகத்தான் இருப்பார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஆசியர்களில் சிலர் இவர் நம் ஆளாயிற்றே என்று கோபப்பட்டார்கள். அவர் அசையவில்லை. லூயிவில் பேருந்தைச் சொன்னார், வெள்ளையருக்கு வேறு, கறுப்பருக்கு வேறு என்று குடிநீர்க் குழாய்கள் இருந்ததைச் சொன்னார், அந்த நாடு மாறியது தானாக நடந்ததல்ல என்று வாதாடினார்.

நம் ஊரில் இட ஒதுக்கீட்டு விவாதத்தில் ஊறியவர்களுக்கு இதில் எந்தப் பக்கம் சரி என்று தனித்தனிக் கருத்து இருக்கும். அமெரிக்காவில் நடந்தது விகிதாச்சார ஒதுக்கீடு அல்ல, சேர்க்கையில் இனத்தையும் ஓர் அம்சமாகக் கணக்கில் எடுப்பது. அதனால் அங்குள்ள சண்டையை இங்குள்ளதோடு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, தோற்றபின் அவர் என்ன செய்தார் என்பது. இரண்டே மாதத்தில் "பெர்க்லி வாக்குறுதி" என்று ஒரு திட்டம் அறிவித்தார். சேர்க்கையின்போது இனத்தைப் பார்க்கக் கூடாது என்றால், சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளுக்கு முன்கூட்டியே போய் அங்குள்ள பிள்ளைகளைத் தயார் செய்வோம் என்பது அதன் சாரம். பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலர் ஒதுக்கியது, தன் கையிலிருந்து 10,000 டாலர் போட்டார். 1996 நவம்பரில் 209-வது முன்மொழிவை மக்கள் வாக்கெடுப்பில் ஏற்று, அந்தத் தடையைக் கலிபோர்னியா மாநிலச் சட்டமாகவே ஆக்கியது. 1998-இல் புதிய விதியின்படி சேர்க்கை நடந்தபோது பெர்க்லியில் இடம் கிடைத்த கறுப்பின மாணவர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. பள்ளிகளுக்குப் போகும் திட்டம் நல்ல திட்டம்தான், ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் அளவு அது பெரிதில்லை.

அதற்குள் அவர் போய்விட்டார். 1996 ஜூலையிலேயே விலகலை அறிவித்து, 1997 ஜூன் முடிவில் பதவியை விட்டு இறங்கினார். ஆட்சிக் குழுவோடான கசப்புதான் காரணம் என்று அன்று பரவலாகப் பேசிக்கொண்டார்கள்.

பிறப்பு எதிராகத் திரும்பிய இடம் இனிதான் வருகிறது. 1996 கடைசியில் அதிபர் கிளின்டனின் அமைச்சரவையில் எரிசக்தித் துறைக்கு அவர் பெயர் பலமாக அடிபட்டது. அணு உலைப் பாதுகாப்பு தெரிந்த பொறியாளர், பெரிய நிறுவனத்தை நடத்தியவர் என்று எல்லாத் தகுதியும் இருந்தது. கிடைத்திருந்தால் அமெரிக்க அமைச்சரவையின் முதல் ஆசிய அமெரிக்கராகியிருப்பார். அந்த நேரம் பார்த்து, ஜனநாயகக் கட்சிக்கு ஆசியாவிலிருந்து முறைகேடாகத் தேர்தல் நிதி வந்தது என்ற விவகாரம் வெடித்தது. ஆசியத் தொழிலதிபர்களோடு பழக்கமுள்ள ஆசியப் பெயர் எதுவானாலும் வெள்ளை மாளிகை தயங்கியது. பதவி ஃபெடரிகோ பென்யாவுக்குப் போனது. பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக மாறிய அதே நட்புகள், வாஷிங்டனில் கேள்விக்குறியாக நின்றன. 1999-இல் அவரைத் தேசிய அறிவியல் வாரியத்தில் சேர்த்தார்கள். 2000-இல் மூளையில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டு, 2002 அக்டோபரில் அறுபத்தேழு வயதில் காலமானார்.

பின்னால் வந்தவர்களுக்கு வழி சற்று அகலமானது. சென்னை ஐஐடியில் 1977-இல் பொறியியல் முடித்த சுப்ரா சுரேஷை எடுத்துக்கொள்ளுங்கள். அயோவாவில் முதுகலை, எம்ஐடியில் 1981-இல் முனைவர் பட்டம், பிரவுனில் பேராசிரியர், எம்ஐடியில் துறைத் தலைவர், பிறகு பொறியியல் புலத்தின் டீன். 2010-இல் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இயக்குநர் பதவிக்கு அமெரிக்க செனட் அவரை ஏற்றது. 2013-இல் கார்னகி மெலன் தலைவர், 2018-இல் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் தலைவர். உலோகக் களைப்பு (திரும்பத் திரும்ப விசை படுவதால் உலோகம் பலவீனமாவது) பற்றிய ஆராய்ச்சியும் மலேரியா தாக்கிய ரத்த அணுக்கள் பற்றிய ஆராய்ச்சியும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. ஆனால் படிகளைப் பாருங்கள்: துறைத் தலைவர், டீன், அப்புறம்தான் மற்றதெல்லாம். டியெனுடைய ஏணிதான்.

கடைசியாக, இதைக் கேட்பவர்களில் பலர் மனதில் இருக்கும் ஒரு சந்தேகம். பிறப்பிலேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும் என்ற விதி நாட்டின் அதிபருக்கும் துணை அதிபருக்கும்தான், பல்கலைக்கழகத் தலைவருக்கு இல்லை. தேடல் குழு பார்ப்பது நீங்கள் பட்ஜெட் போட்டிருக்கிறீர்களா, ஆட்களை எடுத்திருக்கிறீர்களா, வேண்டியவருக்கும் முடியாது என்று சொல்லியிருக்கிறீர்களா என்பதை. ஆகவே துறைத் தலைவர் வேலையை யாராவது உங்கள் தலையில் கட்ட வந்தால், ஆராய்ச்சி கெட்டுப்போகுமே என்று உடனே ஓடாதீர்கள். அந்த வேலையைப் பார்த்துவிட்டு, இது எனக்கு வேண்டாம் என்று ஆய்வகத்துக்கே திரும்பிப் போனவர்களும் நிறையப் பேர். அவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.